51 சதவீதம் என்றால் எத்தனை பேர்? அமெரிக்க பிரைமரி எண்களைப் படிப்பது எப்படி

2024 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை, நம்மூர் நேரப்படி காலை ஆறரை மணி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்போது திங்கட்கிழமை இரவு ஏழு. எலும்பை உறைய வைக்கும் குளிர். பள்ளிக்கூட ஜிம்களிலும் சர்ச்சுகளிலும் குடியரசுக் கட்சிக்காரர்கள் கூடி, தங்கள் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் தொடங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் ட்ரம்ப் வென்றுவிட்டார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. பல இடங்களில் ஓட்டுச்சீட்டையே இன்னும் கையில் கொடுக்கவில்லை.

அன்றைய தலைப்புச் செய்தி: ட்ரம்புக்கு 51 சதவீதம். சரியான எண்தான். ஆனால் எதில் 51? அன்று ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர். அதில் ட்ரம்புக்கு 56,260 ஓட்டு. அயோவா வாக்காளர் பட்டியலில் குடியரசுக் கட்சி என்று பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர். அப்படிப் பார்த்தால் வந்தவர்கள் 15 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. மாநிலத்தில் ஓட்டுப் போடத் தகுதியுள்ள எல்லோரையும், அதாவது சுமார் 23 லட்சம் பேரை, கணக்கில் எடுத்தால் 100 பேரில் 5 பேர்கூட வரவில்லை. அந்தக் கணக்கில் ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டவர்கள் 100-க்கு இரண்டரை பேருக்கும் குறைவு.

51, 15, 5, இரண்டரை. நான்கும் உண்மை, நான்கும் ஒரே இரவைப் பற்றியவை. எதை எண்ணினார்கள், அதை எதால் வகுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்கத் தேர்தலைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டு கேள்விகளைப் பழகிக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் போய்விடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலுக்கு முன், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைக் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை. மாநிலம் மாநிலமாக மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பிரதிநிதிகள் என்று ஓர் ஒதுக்கீடு உண்டு. வேட்பாளர்கள் வாங்கும் ஓட்டைப் பொறுத்து அந்தப் பிரதிநிதிகள் பிரித்துக் கொடுக்கப்படுவார்கள். கோடைக்காலத்தில் நடக்கும் கட்சி மாநாட்டில் பெரும்பான்மைப் பிரதிநிதிகளை வைத்திருப்பவரே வேட்பாளர். 2024-ல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,429 பிரதிநிதிகள்; ஜெயிக்க 1,215 வேண்டும். அயோவாவின் பங்கு வெறும் 40.

40 பேருக்காகவா இவ்வளவு ஆரவாரம் என்று கேட்கலாம். அதுவரை வெறும் கருத்துக்கணிப்பாக இருந்தது முதன்முறையாக உண்மையான ஓட்டாக மாறும் இடம் அது. நன்கொடை தருபவர்களும் பத்திரிகைகளும் தொண்டர்களும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள். கேரளத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த, தமிழ் பேசத் தெரிந்த விவேக் ராமசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அயோவாவில் அவருக்குக் கிடைத்தது 7.7 சதவீதம், நான்காவது இடம், 3 பிரதிநிதிகள். அன்று இரவே போட்டியிலிருந்து விலகிவிட்டார். இன்னும் 49 மாநிலங்கள் ஓட்டுப் போடவே இல்லை.

அடுத்து, பிரைமரி வேறு, காகஸ் வேறு. பிரைமரி என்பது நமக்குப் பழக்கமான தேர்தல் மாதிரி. அரசாங்கம் நடத்துகிறது, வாக்குச்சாவடி நாள் முழுக்கத் திறந்திருக்கும், வரமுடியாதவர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கும். காகஸ் என்பது கட்சியே நடத்தும் கூட்டம்; அயோவாவில் அன்று நடந்தது அதுதான். குறித்த நேரத்துக்கு நேரில் போயாக வேண்டும். பேச்சைக் கேட்க வேண்டும், அப்புறம்தான் ஓட்டு. இரவு ஷிப்டில் இருக்கும் நர்ஸ், கைக்குழந்தையோடு இருக்கும் தாய், பனியில் காரை எடுக்கத் தயங்கும் முதியவர், இவர்கள் எல்லாம் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இந்த வித்தியாசம் எண்ணில் எப்படித் தெரியும்? 2016-ல் அயோவா காகஸில் இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 3,58,000 பேர் வந்தார்கள். எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் சுமார் 5,40,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் நியூ ஹாம்ப்ஷயரின் மக்கள்தொகை அயோவாவில் பாதிகூட இல்லை. அயோவாக்காரர்களுக்கு அரசியலில் அக்கறை குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. கதவின் அகலம் வேறு, அவ்வளவுதான். அதனால் ஒரு மாநிலத்தின் எண்ணை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிடுவதை முதலில் விட்டுவிடுங்கள்.

ஒப்பிட வேண்டியது அந்த மாநிலத்தின் பழைய எண்ணோடுதான், அதுவும் அதே கட்சியின் எண்ணோடு. அயோவா ஜனநாயகக் கட்சியைப் பாருங்கள். 2004-ல் சுமார் 1,24,000 பேர் வந்தார்கள். ஒபாமா, ஹிலாரி கிளிண்டன், எட்வர்ட்ஸ் மோதிய 2008-ல் அது ஏறக்குறைய 2,39,000 ஆனது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2016-ல் 1,71,000. 2020-ல் சுமார் 1,76,000. இந்த நாலு எண்களையும் வரிசையாக வைத்தால் ஒரு கதை தெரிகிறது: 2008-ல் வந்த கூட்டம் திரும்ப வரவில்லை. 2020 எண்ணை மட்டும் பார்த்தவர்கள் 'போன தடவையைவிட அதிகம்' என்றார்கள். 2008 தெரிந்தவர்கள் கவலைப்பட்டார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. பதவியில் இருக்கும் அதிபரே மறுபடி நிற்கிற ஆண்டில் அந்தக் கட்சியில் நிஜமான போட்டி இருக்காது. நியூ ஹாம்ப்ஷயர் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் 2008-ல் சுமார் 2,88,000 ஓட்டு. 2012-ல் சுமார் 60,000. ஒபாமாவின் செல்வாக்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது என்று எழுதினால் அது அபத்தம். முடிவு தெரிந்த போட்டிக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? அதே நவம்பரில் அவர் அந்த மாநிலத்தை வென்றார். போட்டி இருந்த ஆண்டைப் போட்டி இருந்த ஆண்டோடுதான் வைக்க வேண்டும்.

இனி வகுக்கும் எண்ணுக்கு வருவோம். நமக்கு இதில் பெரிய சிக்கல் கிடையாது. வாக்காளர் பட்டியலில் இத்தனை பேர், ஓட்டுப் போட்டவர்கள் இத்தனை பேர், வகுத்தால் சதவீதம். அமெரிக்காவில் பதிவு செய்துகொள்வது பெரும்பாலும் தனிமனிதர் பொறுப்பு. தகுதி இருந்தும் பட்டியலில் இல்லாதவர்கள் நிறையப் பேர். அதனால் பதிவு செய்தவர்களை வைத்து ஒரு சதவீதம், தகுதியுள்ள குடிமக்களை வைத்து ஒரு சதவீதம், 18 வயது தாண்டிய எல்லோரையும் வைத்து ஒரு சதவீதம் என்று மூன்று புழங்குகின்றன. மூன்றாவதில் குடியுரிமை இல்லாதவர்களும் சேர்ந்துவிடுவார்கள் என்பதால் சதவீதம் குறைவாகத் தெரியும். மைக்கேல் மெக்டொனால்டு என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் பல ஆண்டுகளாக இரண்டாவது வகைக் கணக்கைத் தொகுத்து வருகிறார். மாநிலங்களை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அதுதான் நல்ல கணக்கு என்பது என் கருத்து.

கட்சிவாரியாக வகுப்பது இன்னும் சிக்கல். நியூ ஹாம்ப்ஷயரில் ஏறக்குறைய 40 சதவீத வாக்காளர்கள் எந்தக் கட்சியையும் சொல்லாமல் பதிவு செய்தவர்கள். தேர்தல் நாளன்று எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்டு வாங்கலாம். தென் கரோலினாவில் கட்சிவாரிப் பதிவே இல்லை. யார் வேண்டுமானாலும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் போடலாம், இரண்டிலும் போட முடியாது. 2024-ல் அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு வந்தவர்கள் சுமார் 1,31,000 பேர். மூன்று வாரம் கழித்து நடந்த குடியரசுக் கட்சி பிரைமரிக்கு சுமார் 7,57,000 பேர், அங்கே அதுவே சாதனை எண்ணிக்கை. ஒன்றுக்கு ஆறு என்று அளந்து, கட்சிகளின் பலமே இதுதான் என்று சொல்லலாமா? கூடாது. பைடனுக்கு எதிரே ஆளே இல்லாத மாதிரிதான். அவர் வாங்கியது 96 சதவீதம். இந்தப் பக்கம் ட்ரம்பும், அதே மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் நிக்கி ஹேலியும் மோதினார்கள். ட்ரம்பைப் பிடிக்காத ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர்கூட ஹேலிக்குப் போடக் காத்திருக்கலாம். அந்த 7,57,000-த்துக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது மொத்த எண்ணில் தெரியாது.

சரி, எண்ணிக்கை நடக்கும் இரவுக்குப் போவோம். திரையில் 40 சதவீதம் எண்ணப்பட்டது என்று காட்டுவார்கள். முன்பெல்லாம் இது எத்தனை வாக்குச்சாவடிகளிலிருந்து முடிவு வந்தது என்ற கணக்கு. இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நூறு வாக்குச்சாவடி உள்ள ஒரு மாநிலம் என்று வைத்துக்கொள்வோம். அறுபது சிறிய கிராமங்கள், ஒவ்வொன்றிலும் 100 ஓட்டு. நாற்பது நகர வார்டுகள், ஒவ்வொன்றிலும் 2,000 ஓட்டு. கிராமங்கள் சீக்கிரம் எண்ணி முடித்துவிடும். திரையில் '60 சதவீதம்' என்று வரும்போது எண்ணியிருப்பது 6,000 ஓட்டு, பாக்கி 80,000. கிராமத்தில் முன்னணியில் இருப்பவரின் ஆதரவாளர்கள் அதற்குள் பட்டாசு வெடித்திருப்பார்கள். நகரம் திறந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது 'ஏதோ தில்லுமுல்லு நடந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணும் வரிசைதான் மாறியிருக்கிறது.

அதனால் இப்போது அசோசியேட்டட் பிரஸ் போன்றவர்கள் வாக்குச்சாவடிகளை விட்டுவிட்டு, மொத்தம் இத்தனை ஓட்டு விழுந்திருக்கும் என்று மதிப்பிட்டு, அதில் எவ்வளவு எண்ணியாயிற்று என்று காட்டுகிறார்கள். அது மதிப்பீடு என்பதை மறக்கக்கூடாது. கூட்டம் நினைத்ததைவிட அதிகம் என்று தெரிந்தால் மதிப்பீட்டை உயர்த்துவார்கள். உடனே 70 சதவீதம் 66 ஆக இறங்கும். எண்ணிய ஓட்டை யாரும் திருப்பி எடுக்கவில்லை. கீழே இருக்கும் மொத்தம்தான் பெரிதானது.

எண்ணி முடியும் முன்பே எப்படி ஒருவர் வென்றார் என்கிறார்கள்? வாக்காளர்களிடம் எடுத்த ஆய்வும் முதலில் வரும் சில முடிவுகளும் ஒரே திசையில் போய், இரண்டாம் இடத்தவர் பிடிக்கவே முடியாத தூரத்தில் இருந்தால் அறிவித்துவிடுவார்கள். அயோவா 2024 அப்படித்தான். வித்தியாசம் கடைசியில் 30 புள்ளியளவு. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனாலும் மக்கள் இன்னும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர் கையில் போன் இருக்கிறது. சீட்டில் பெயர் எழுதும் முன் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. அதே இரவு, அயோவாவின் 99 கவுன்ட்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 98 ட்ரம்புக்குப் போயின. பல்கலைக்கழக நகரம் இருக்கும் ஜான்சன் கவுன்ட்டி மட்டும் ஹேலிக்கு. எத்தனை ஓட்டில் தெரியுமா? ஒரே ஓட்டில். அங்கே 'இனி எதற்கு' என்று ஹேலி ஆதரவாளர்கள் இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் வரைபடத்தின் நிறமே மாறியிருக்கும்.

இப்போது கொஞ்சம் கடினமான இடம். ஓட்டு எண்ணிக்கை ஒன்று, பிரதிநிதிகள் எண்ணிக்கை வேறொன்று. இதை 2020 அயோவா ஜனநாயகக் கட்சி காகஸைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது. அந்தக் கட்சியின் காகஸில் அப்போது ரகசியச் சீட்டு இல்லை. ஜிம்முக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, ஆதரவாளர்கள் அந்த மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. 100 பேர் வந்த ஒரு கூடத்தைக் கற்பனை செய்யுங்கள். முதல் சுற்றில் அ-வுக்கு 38, ஆ-வுக்கு 30, இ-க்கு 20, ஈ-க்கு 12. 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் அணி கலைய வேண்டும் என்பது அன்றைய விதி. ஈ-யின் 12 பேரைச் சுற்றி மற்றவர்கள் வந்து பேசுகிறார்கள். இரண்டு பேர் அ-விடம் போகிறார்கள், ஐந்து பேர் ஆ-விடம், ஐந்து பேர் இ-யிடம். கடைசிச் சுற்று: 40, 35, 25. இந்தக் கூடத்துக்கு ஆறு உள்ளூர்ப் பிரதிநிதிகள் (கவுன்ட்டி மாநாட்டுக்குப் போகிறவர்கள்) என்று வைத்துக்கொண்டால், பங்கு 2.4, 2.1, 1.5. முழு எண்ணாக்கினால் இரண்டு, இரண்டு, இரண்டு. நாற்பது பேர் நின்ற மூலைக்கும் இருபத்தைந்து பேர் நின்ற மூலைக்கும் ஒரே பலன்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கூடத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பது பழைய தேர்தல்களில் அங்கே கட்சி வாங்கிய ஓட்டை வைத்து முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். கல்லூரி நகரத்தில் ஆயிரம் மாணவர்கள் திரண்டாலும் பிரதிநிதி ஒருவர்கூடக் கூட மாட்டார். பெர்னி சாண்டர்ஸுக்கு நடந்தது இதுதான். முதல் சுற்று ஓட்டில் பீட் புட்டிஜட்ஜைவிட அவர் சுமார் 6,000 அதிகம். கடைசிச் சுற்றிலும் அவர்தான் முன்னால். ஆனால் பிரதிநிதிகளுக்குச் சமமான கணக்கில் புட்டிஜட்ஜ் 0.1 சதவீதப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தினார். இரண்டு பேருமே வெற்றி என்று சொல்லிக்கொண்டார்கள். அசோசியேட்டட் பிரஸ் யாரையும் வெற்றியாளராக அறிவிக்க மறுத்துவிட்டது.

இந்த மூன்று எண்களையும் கட்சி வெளியிட்டதே அந்த ஆண்டுதான் முதல் தடவை. 2016-ல் கிளிண்டனுக்கு 49.8, சாண்டர்ஸுக்கு 49.6 என்று பிரதிநிதிக் கணக்கை மட்டும் சொன்னார்கள். நேரில் வந்தவர்களில் யாருக்கு எத்தனை பேர் என்பதை வெளியிடவில்லை. அந்த வருத்தத்தில்தான் விதி மாறியது. மாறிய வருடமே முடிவுகளை அனுப்பும் செயலி வேலை செய்யவில்லை, தொலைபேசி இணைப்புகள் திணறின, முதல் எண் வெளியே வரவே மறுநாள் மாலை ஆகிவிட்டது. அந்தக் குளறுபடியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மூடிக்கிடந்த ஓட்டுக் கணக்கு முதன்முறையாகத் திறக்கப்பட்டது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நெவாடாவில் 2024-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாநில அரசு பிப்ரவரி 6-ல் பிரைமரி நடத்தியது. குடியரசுக் கட்சி பிப்ரவரி 8-ல் தனியாகக் காகஸ் நடத்தியது. பிரதிநிதிகள் காகஸுக்கு மட்டும்தான். ட்ரம்ப் காகஸில் நின்றார், ஹேலி பிரைமரியில் நின்றார். பிரைமரி சீட்டில் நம்ம நோட்டா மாதிரி 'இவர்களில் யாரும் இல்லை' என்ற கட்டம் அங்கே உண்டு. அதற்கு 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. ஹேலிக்குச் சுமார் 30. அந்த எண்ணை எடுத்து வேறொரு மாநில எண்ணின் பக்கத்தில் வைத்தால் எந்த அர்த்தமும் கிடைக்காது.

அப்புறம், பிரைமரிக்கு அதிகம் பேர் வந்தால் நவம்பரில் அந்தக் கட்சிதான் என்று பலர் கணக்குப் போடுவார்கள். 2008-ல் தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு சுமார் 5,32,000 பேர், குடியரசுக் கட்சிக்கு சுமார் 4,45,000. நவம்பரில் அந்த மாநிலத்தை வென்றது குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன். 2016-ல் நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம். நவம்பரில் மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் அந்த மாநிலத்தை ஹிலாரி கிளிண்டன் வென்றார். 2024-ல் அதே மாநிலத்தில் குடியரசுக் கட்சி பிரைமரி சாதனை படைத்தது, சுமார் 3,25,000. நவம்பரில் மாநிலம் கமலா ஹாரிஸ் பக்கம். எந்தக் கட்சியில் போட்டி சூடாக இருந்தது என்பதைத்தான் பிரைமரிக் கூட்டம் சொல்கிறது.

ஆனால் வெறும் எண்ணிக்கை சொல்லாத ஒன்றை எதிர்பார்ப்பு சொல்லும். 1968 மார்ச் 12, நியூ ஹாம்ப்ஷயர் ஜனநாயகக் கட்சி பிரைமரி. அதிபர் ஜான்சனின் பெயர் சீட்டில் அச்சாகவில்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதியே அவரை ஜெயிக்க வைத்தார்கள், 49 சதவீதம். வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்திக்கு 42. பதவியில் இருக்கும் அதிபருக்கு எதிராக இவ்வளவா என்று நாடே திகைத்தது. பத்தொன்பது நாள் கழித்து ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். எண்ணில் வென்றவர் அவர்தான்.

நீங்களே ஒரு நோட்டு போட்டு இதைக் கவனிக்கப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். இரவில் பார்த்த எண் இறுதி எண் அல்ல. ஒவ்வொரு ஊரின் தாளையும் மறுபடி சரிபார்த்து, கூட்டி, கையெழுத்திட்டுச் சான்று தரும் வேலை அதற்குப் பிறகுதான் நடக்கும். அந்த வேலையைப் பார்க்க கேமராக்கள் போவதில்லை.

2012 ஜனவரி 3 இரவு, அயோவா குடியரசுக் கட்சி காகஸ். மிட் ரோம்னிக்கு 30,015, ரிக் சான்டோரமுக்கு 30,007. எட்டு ஓட்டில் ரோம்னி வென்றார் என்று அறிவித்தார்கள். அந்த வேகத்தோடு ரோம்னி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் ஜனவரி 10-ல் அங்கேயும் வென்றார். முதல் இரண்டையும் ஜெயித்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனவரி 19-ல் அயோவாவின் சான்றளித்த கணக்கு வந்தது. சான்டோரம் 29,839, ரோம்னி 29,805. முன்னால் இருந்தவர் சான்டோரம், 34 ஓட்டில். அதிலும் எட்டு வாக்குச்சாவடிகளின் தாள்கள் கிடைக்கவே இல்லை. அந்த எட்டு ஊர்களில் அன்று இரவு யாருக்கு எத்தனை ஓட்டு என்ற இடம் சான்றளித்த கணக்கில் காலியாகவே இருக்கிறது.